காட்டோரத் தோட்ட வீட்டில் ஐப்பசி விடுமுறை: பொழுது சாய்வதற்குள் முடிக்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காலாண்டு விடுமுறை, ஆயுத பூஜை, தீபாவளி என்று அடுத்தடுத்து விடுப்பு வரும் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் மலையடிவாரத் தோட்ட வீட்டை வாடகைக்கு எடுத்துக் குடும்பத்தோடு இரண்டு மூன்று நாள் தங்குவது கொங்கு மாவட்டங்களில் இப்போது வழக்கமாகிவிட்டது. சேத்துமடை, ஆழியாறு, ஆலாந்துறை, ஆனைகட்டி, மேட்டுப்பாளையம், கடம்பூர், தாளவாடி என வனத்தை ஒட்டிய ஊர்களில் ஓட்டு வீடுகளும் பழைய சாளைகளும் இதற்காகவே சீரமைக்கப்படுகின்றன. நல்ல பழக்கம்தான். ஆனால் பயணக் கட்டுரைகள் அருவி, மூடுபனி, நாட்டுக்கோழிக் குழம்போடு நின்றுவிடுகின்றன. அந்த வீட்டில் ராத்திரி எப்படி இருப்பது என்பதைச் சொல்வதில்லை. காட்டோர வீட்டில் இரவில் வரும் ஆபத்துகள் பெரும்பாலும் பகலில் செய்யாமல் விட்ட வேலைகளால் வருபவை. அந்த வேலைகளை விவரமாகச் சொல்லவே இந்தக் கடிதம்.

முதலில் பருவம். தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை மறித்துக்கொள்வதால், கோவை, திருப்பூர், ஈரோடு சமவெளிக்கு ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. ஐப்பசியில் காலை பளிச்சென்று விடியும். மூன்று மணிக்கு மேல் கருத்துக்கொண்டு இடியோடு இறங்கும். நவம்பர் முதல் வாரத்தில் ஆறு மணிக்குச் சற்று முன்பே சூரியன் மறைந்துவிடும். ஆலாந்துறை போல மேற்கே மலை நிற்கும் ஊர்களில் ஐந்தரைக்கே வெயில் மலைக்குப் பின்னால் போய்விடும். நகரத்தில் ஆறரை வரை வெளிச்சம் பார்த்துப் பழகியவர்கள் இந்தக் கணக்கில்தான் தவறுகிறார்கள். நடை, குளியல், வெளி வேலை எல்லாம் ஐந்து மணிக்குள் முடிவதுபோல நாளை வகுத்துக்கொள்ள வேண்டும்.

போய்ச் சேரும் நேரமும் அப்படியே. மதியத்துக்குள் வீட்டை அடைந்துவிட வேண்டும். ஆழியாறு–வால்பாறை சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள், திம்பத்தில் 27. இறங்கும்போது எந்த கியரில் ஏறினோமோ அதே கியர். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் பட்டைகள் சூடேறிக் கருகல் வாடை வரும், பிறகு பிடிக்காது. அந்த வாடை வந்ததும் ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிட வேண்டும், சக்கரத்தின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. பண்ணாரி–திம்பம் பாதையில் 2022 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இரவுப் போக்குவரத்துக் கட்டுப்பாடு உண்டு என்பதால் தாளவாடி, ஆசனூர் பக்கம் தங்குவோர் மாலையில் புறப்படும் திட்டமே போடக் கூடாது. வால்பாறைச் சாலையில் வரையாடுகள் வளைவுச் சுவர் மேலேயே வந்து நிற்கும். பார்த்துவிட்டு நகர வேண்டியதுதான், எதையும் ஊட்டக் கூடாது.

வீட்டை அடைந்ததும் பைகளைப் பிரிப்பதற்கு முன், பகல் வெளிச்சத்திலேயே ஒரு சுற்று சுற்றி வாருங்கள். சுவரை ஒட்டி விறகு, தேங்காய் மட்டை, பழைய ஓடு அடுக்கியிருந்தால் அவற்றை இருபதடி தள்ளி வைக்கச் சொல்லுங்கள். எலியும் தேளும் அங்கேதான் குடியிருக்கும், எலியைத் தேடிப் பாம்பும் வரும். குளியலறைத் தண்ணீர் வெளியேறும் குழாயின் வாயில் கம்பி வலை இருக்கிறதா, கதவின் அடியில் விரல் நுழையும் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். இடைவெளி இருந்தால் சாக்கைச் சுருட்டி உள்பக்கமாக அழுத்தி வைத்தால் போதும். காரைத் தென்னைக்கடியில் நிறுத்த வேண்டாம். மழையில் நனைந்த மட்டை எப்போது விழும் என்று சொல்ல முடியாது. இடி இடிக்கையில் தோப்பிலும் நிற்கக் கூடாது. உயர்ந்து நிற்கும் தென்னையில்தான் மின்னல் அதிகம் இறங்குகிறது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து வெளியே வரலாம்.

விளக்கைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. மழை ஓய்ந்த மாலையில் ஆசாரத்தில் (வீட்டின் முன் தாழ்வாரத்தில்) வெள்ளை எல்.இ.டி. விளக்கைப் போட்டால் கால் மணி நேரத்தில் ஈசல் மொய்க்கும். ஈசலைத் தின்னத் தேரையும் பல்லியும் வரும். அவற்றைத் தேடிக்கொண்டு பாம்பு வரும். விருந்தினர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து பேசும் அதே படிக்கட்டுக்குத்தான் இத்தனையும் வந்து சேரும். பயந்துபோய் இன்னொரு விளக்கையும் போட்டால் இன்னும் அதிகமாகும். செய்ய வேண்டியது இதுதான்: வாசலில் குறைந்த வெளிச்சமுள்ள மஞ்சள் விளக்கு ஒன்று மட்டும். ஈசல் கிளம்பும் அரை மணி, முக்கால் மணி நேரத்துக்கு அதையும் அணைத்து, ஜன்னல் திரைகளை இழுத்துவிட வேண்டும். வீட்டிலிருந்து முப்பதடி தள்ளி ஒரு விளக்கைத் தொங்கவிட்டு, அதன் கீழ் அகலமான பாத்திரத்தில் சோப்புத் தண்ணீர் வைத்தால் பூச்சிகள் அங்கே போய் விழும். வயலில் பூச்சிக்கு விளக்குப் பொறி வைப்பதும் இதே முறைதான். விடிந்ததும் வாசலில் கிடக்கும் ஈசல் சிறகையும் பாத்திரத்தில் விழுந்ததையும் கூட்டி அள்ளித் தூரத்தில் புதைத்துவிட வேண்டும். அப்படியே விட்டால் எறும்பும் தேரையும் மறுபடி வந்துவிடும்.

தூங்குவது கட்டிலில்தான். ஆட்கள் அதிகம் என்று தரையில் பாய் விரிப்பதே இந்த வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. தரையில் படுத்திருப்பவர் புரண்டு படுக்கும்போது கடிக்கும். வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது, கடிவாய்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் காரணமில்லாமல் வயிற்று வலி, இமை தொங்குதல், நாக்குக் குழறல், எச்சில் விழுங்க முடியாமை இருந்தால் அஜீரணம் என்று நினைத்துச் சோடா கொடுக்காதீர்கள். அது கட்டுவிரியன் கடியாக இருக்கலாம். கட்டிலோடு கொசுவலையும் வேண்டும். வலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் நன்றாகச் செருக வேண்டும், தொங்கவிட்ட வலையால் பயனில்லை.

கடித்துவிட்டால் கயிறு இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது. மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றுங்கள். கடிபட்ட கை அல்லது காலுக்கு மரச்சட்டம் வைத்துத் தளர்வாகக் கட்டி அசையாமல் வையுங்கள், நடக்கவிடாதீர்கள், 108-ஐ அழையுங்கள். பாம்பை அடித்துக்கொண்டு போக வேண்டியதில்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான் போடுகிறார்கள். ஊசி மருந்தின் அளவு குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒன்றே. உள்ளே போன விஷத்தின் அளவுக்குத்தான் மருந்தே தவிர, உடல் எடைக்கு இல்லை. வால்பாறை போன்ற உயரமான இடங்களில் இருக்கும் குழிவிரியன்களுக்கு இந்த மருந்து வேலை செய்யாது. ஆனால் எது கடித்தது என்று முடிவு செய்வது மருத்துவர் வேலை, நம் வேலை நேரத்தை வீணாக்காமல் கொண்டு சேர்ப்பது. மருந்து இருப்பிலுள்ள அரசு மருத்துவமனை எது, எத்தனை கிலோமீட்டர் என்பதைப் போன முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மழையில் செல்போன் சிக்னல் போன பிறகு தேட முடியாது.

அடுத்து யானை. தாளவாடி, கடம்பூர் பக்கம் ராகியும் மக்காச்சோளமும் கதிர் முற்றும் காலம் இது. இருட்டியதும் யானைகள் காட்டைவிட்டு இறங்குவது சகஜம். வீட்டுக்கு அருகில் அவற்றை இழுப்பவை பழுத்த வாழைத்தார், பலா, அரிசி மூட்டை, உப்பு ஆகியவை. சமையலறை ஜன்னலோரம் அரிசியும் உப்பும் வைத்தால் சுவரை இடித்து எடுக்கும். அடுக்கடுக்காகப் பழம் வாங்கிக்கொண்டு போய்க் காருக்குள் விட்டுவைப்பதும் அப்படியே. மிச்சச் சோற்றையும் தோலையும் வாசலில் கொட்டாமல், மூடியுள்ள வாளியில் போட்டு, இருட்டுவதற்குள் எருக்குழியில் மண் மூட வேண்டும். குப்பையைத் தேடிக் காட்டுப்பன்றி வரும், பன்றிக்குப் பின்னால் சிறுத்தையும் வரக்கூடும். யானை வந்துவிட்டால் எல்லோரும் உள் அறைக்குப் போய்ப் பேச்சைக் குறையுங்கள். மாடியிலோ ஆசாரத்திலோ நின்று டார்ச் அடிப்பது, செல்போனில் படம் எடுப்பது, கூச்சல் போடுவது வேண்டாம். வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் சொன்னால் விரட்டும் பணியாளர்கள் வருவார்கள். அந்த எண்ணைச் சுவரில் ஒட்டி வைத்திருக்க வேண்டும்.

தோட்டத்தைச் சுற்றியுள்ள சூரியசக்தி வேலியைப் பற்றிப் பிள்ளைகளுக்கு முதல் நாளே காட்டிச் சொல்லுங்கள். அதில் மின்சாரம் தொடர்ந்து ஓடுவதில்லை, விநாடிக்கு ஒரு தடவை போலத் துடிப்பாக வரும். தொட்டவரை உதறித் தள்ளும். ஐப்பசியில் கொடியும் புல்லும் வளர்ந்து கம்பியில் பட்டு மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும். அப்போது வேலியின் விசை குறைந்துபோகும், யானையும் அதைக் கண்டுகொள்ளும். ஆகவே வாரம் ஒருமுறை கம்பிக்கடியில் களை வெட்டாத தோட்டத்தில் வேலி இருக்கிறது என்று நிம்மதியாக இருக்க முடியாது. வீட்டு மின் இணைப்பிலிருந்து நேராகக் கம்பிக்குக் கொடுத்திருப்பது தெரிந்தால் அந்த வீட்டில் ஒரு நிமிடம்கூடத் தங்காதீர்கள். அது சட்டவிரோதம், ஆளையும் விலங்கையும் கொல்லும்.

குளிருக்குத் தீ மூட்டி உட்காருவது பலருக்கும் ஆசை. விறகைக் காட்டிலிருந்து பொறுக்கி வருவது வனச் சட்டப்படி குற்றம், தவிர ஐப்பசியில் அது நனைந்து புகையும். தோட்டத்திலேயே கிடைக்கும் காய்ந்த தேங்காய் ஓடும் மட்டையும் போதும். தலைக்கு மேல் மரத்தில் மலைத்தேனீ கூடு இருக்கிறதா என்று பகலிலேயே பார்த்துவிட்டு இடத்தைத் தேர்ந்தெடுங்கள், புகை பட்டால் கூட்டமாகக் கிளம்பிவிடும். மிஞ்சிய நெருப்புக் கங்குகளை மட்டும் எக்காரணம் கொண்டும் அறைக்குள் எடுத்துச் செல்லாதீர்கள். கரி அடுப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் விடியும்போது இறந்து கிடந்த செய்திகள் மலை ஊர்களிலிருந்து வந்துகொண்டேதான் இருக்கின்றன. கங்கிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் வாடையும் கிடையாது. ரத்தத்தில் பிராணவாயு சேரும் இடத்தில் அதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, வாந்தி, மயக்கம் என்று வரும்போது எழுந்து கதவைத் திறக்கத் தெம்பு இருக்காது. குளியலறைக்குள்ளேயே கேஸ் கீசர் மாட்டியிருந்தாலும் இதே ஆபத்துதான். கீசர் வெளிச்சுவரில் இருக்க வேண்டும், இல்லையென்றால் வாளியில் சூடான தண்ணீர் கேட்டு வாங்குங்கள்.

பகலில் பிள்ளைகளுக்குக் காட்ட இந்தப் பருவத்தில் எவ்வளவோ இருக்கிறது. கிழக்குச் சமவெளியிலிருந்து நீலப் புலி, கருநீலப் புலி, காக்கை வண்ணத்துப்பூச்சிகள் கூட்டம் கூட்டமாக மேற்குத் தொடர்ச்சி மலையை நோக்கிப் பறந்து வருவது அக்டோபர், நவம்பரில்தான். காய்ந்த கிலுகிலுப்பைச் செடி ஒன்றைத் தேடிப்போய் அருகில் நின்றால், ஆண் பூச்சிகள் தண்டில் வரிசையாக ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சுவதைக் கை எட்டும் தூரத்தில் காணலாம். வடக்கே கூடு கட்டும் ஆறுமணிக்குருவி இந்த மாதங்களில்தான் நம் பக்கம் வந்து சேருகிறது. பச்சை முதுகும் சிவந்த அடிவயிறுமாக, காலையிலும் மாலையிலும் ஆறு மணியை ஒட்டி இரண்டு சீழ்க்கை விடும். நெடுந்தூரம் பறந்த களைப்பில் விளக்கு வெளிச்சத்துக்கு வந்து வீட்டுக்குள்ளேயே விழுந்துவிடுவதும் உண்டு. அப்படி விழுந்தால் அட்டைப்பெட்டியில் நாலைந்து துளை போட்டு, அடியில் துணி விரித்து, உள்ளே விட்டு மூடி இருட்டாக வையுங்கள். அலகைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பூனை எட்டாத இடத்தில் வைத்து, விடிந்ததும் புதரோரம் திறந்துவிட்டால் பெரும்பாலும் தானே போய்விடும்.

வேலியில் ஏறிப் பூத்திருக்கும் செங்காந்தளைப் பிள்ளைகள் பறிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மூலனூர், தாராபுரம் பக்கம் விதைக்காகவே பயிரிடும் கண்வலிக்கிழங்குக் கொடிதான் அது. கிழங்கும் விதையும் கொல்லும் விஷம், கொடி முழுவதிலும் கொல்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது. கிழங்கைப் பார்த்துச் சேப்பங்கிழங்கு, வள்ளிக்கிழங்கு என்று நினைத்துவிடக் கூடாது. மழைக்கு முளைத்த காளானையும் அப்படியே விட்டுவிடுங்கள்.

தண்ணீரில் இறங்குவதற்குக் கட்டுப்பாடு வேண்டும். காட்டுப் பள்ளங்களில் (ஓடைகளில்) இங்கே வெயில் அடித்தாலும் மேலே மலையில் பெய்த மழை இறங்கிவிடும். தெளிந்த தண்ணீர் கலங்குவது, சருகும் சுள்ளியும் நுரையும் மிதந்து வருவது, மேலிருந்து இரைச்சல் கேட்பது ஆகிய மூன்றில் ஒன்று தெரிந்தாலும் பொருட்களை விட்டுவிட்டுக் கரையேறி மேட்டுக்குப் போய்விட வேண்டும். முழங்கால் அளவு வேகத் தண்ணீரே பெரியவரைச் சாய்த்துவிடும். தரைப்பாலத்தில் இரண்டடி ஓடினால் கார் மிதக்கும். மேட்டுப்பாளையத்தில் பவானிக்கரையில் மழையே இல்லாவிட்டாலும், பில்லூர் அணையில் தண்ணீர் திறந்தால் ஆறு சட்டென்று ஏறும். சைரன் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம். தோட்டத்துக் கிணறுகளுக்குப் பல இடங்களில் கைப்பிடிச் சுவர் கிடையாது, மழையில் ஊறிய விளிம்பு சரியும். பத்தடிக்கு இந்தப்பக்கம் கயிறு கட்டித் தடுத்துவிடுங்கள்.

தீபாவளிக்குத் தங்குவோருக்கு ஒரு வேண்டுகோள். தமிழ்நாட்டில் பட்டாசுக்குக் காலை 6–7, இரவு 7–8 என்று நேரம் வகுத்திருக்கிறார்கள். காட்டோரத்தில் அந்த இரண்டு மணி நேரமும் வேண்டாம். பெருந்துறை அருகே வெள்ளோடு பறவைகள் சரணாலயத்தைச் சுற்றியுள்ள கிராமத்தார் பறவைகளுக்காகப் பல ஆண்டுகளாகப் பட்டாசு இல்லாமல் தீபாவளி கொண்டாடுகிறார்கள். சொந்த ஊரில் அவர்கள் விட்டுக்கொடுப்பதை இரண்டு நாள் விருந்தினராக வருபவர்களால் முடியாதா?

இனி மிக முக்கியமானது. இது வீடு திரும்பிய பிறகு வரும். புல்லிலும் புதரோரத்திலும் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகளின் இளம்புழு கடிப்பதால் ஸ்க்ரப் டைஃபஸ் என்னும் காய்ச்சல் வருகிறது. மழையும் பனியும் சேரும் மாதங்களில் இது அதிகம். கடித்து ஆறு முதல் 21 நாட்களுக்குள், பெரும்பாலும் பத்து நாள் கழித்துத்தான் காய்ச்சல் தொடங்கும். அதற்குள் பயணமே மறந்துபோயிருக்கும். டெங்கு, டைபாய்டு என்று பரிசோதித்துக்கொண்டே நாட்கள் போய்விடும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோலக் கருப்புப் பொருக்கு ஒன்று இருக்கலாம். வலிக்காது, அரிக்காது. அக்குள், தொடையிடுக்கு, இடுப்பு நாடா பதியும் இடம், காதுக்குப் பின்புறம், மார்பின் அடிப்பகுதி என மறைவான இடங்களில் இருப்பதால் தேடினால்தான் தெரியும். பொருக்கு இல்லை என்பதற்காக நோய் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. இதற்கு டாக்ஸிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் கொடுப்பார்கள், காலத்தில் கொடுத்தால் ஒன்றிரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். சாதாரணமாகக் கடையில் வாங்கிப் போடும் அமாக்சிசிலின் வகை மருந்துகள் இதைத் தொடாது. தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை பாதிக்கும். எனவே காட்டோரத்தில் தங்கி வந்த மூன்று வாரத்துக்குள் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், “புல்வெளியில், தோட்டத்தில் தங்கியிருந்தோம்” என்பதை மருத்துவரிடம் கேட்காமலேயே சொல்லுங்கள். தடுப்பு எளிது: புல்லில் நேராக உட்காராமல் தடித்த விரிப்புப் போடுவது, துணியைப் புதர் மேலும் புல் மேலும் உலர்த்தாமல் கொடியில் உலர்த்துவது, நடந்துவிட்டு வந்ததும் உடையை மாற்றிச் சோப்புத் தேய்த்துக் குளிப்பது. இந்தக் குளியலும் பொழுது சாய்வதற்குள் முடிய வேண்டியதுதான்.

அட்டை கடித்தால் உப்போ எலுமிச்சைச் சாறோ வைத்தால் விழுந்துவிடும். பிய்க்காதீர்கள். ரத்தம் உறையாமல் சிறிது நேரம் கசிவது இயல்பு, துணி வைத்து அழுத்தினால் நிற்கும்.

வீடுகளை வாடகைக்கு விடுவோர் வேலை சாவியைக் கொடுத்ததோடு முடிவதில்லை. விஷமுறிவு மருந்துள்ள மருத்துவமனையும் தூரமும், வனச்சரக அலுவலக எண், இரவில் கூப்பிட்டால் வரக்கூடிய உள்ளூர் ஆள், வேலியின் நிலை, குடிக்கும் தண்ணீர் எது, கொதிக்க வைக்க வேண்டுமா, கிணறும் பள்ளமும் எங்கே, எத்தனை மணிக்கு மேல் வெளியே போகக் கூடாது என எல்லாவற்றையும் ஒரே தாளில் தமிழில் எழுதிக் கதவின் உள்பக்கம் ஒட்ட வேண்டும். கட்டிலும் கொசுவலையும் எத்தனை பேருக்கு இருக்கின்றனவோ அத்தனை பேரை மட்டும் தங்கவைக்க வேண்டும். முன்பதிவு செய்யும்போது குடும்பத்தார் அறை வாடகையோடு இந்தத் தாளின் படத்தையும் கேட்டு வாங்க வேண்டும். தர மறுப்பவரின் வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் வேறிடம் பார்ப்பதே நல்லது.

தங்கள் நாளிதழ் தீபாவளிக்கு முந்தைய வாரம் வெளியிடும் சுற்றுலாப் பக்கத்தில் ஆனைமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகங்கள், கோவை வனக்கோட்டம் ஆகியவற்றின் சரக அலுவலக எண்களையும், மலைப்பாதைகளின் நேரக் கட்டுப்பாட்டையும், விஷமுறிவு மருந்து இருப்பிலுள்ள அரசு மருத்துவமனைகளின் பட்டியலையும் உரிய துறைகளிடம் கேட்டு அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
காட்டோரத் தோட்ட வீடுகளைப் பராமரிப்போர் சிலர்,
ஆனைமலை வட்டம், கோவை மாவட்டம்.